கொயேஸ்: பழைய கிரேக்கத்தின் மந்திரக்காரனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்க நூல்களைச் சிலர் சேர்ந்து வாசிக்கிறோம். கொயேஸ் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் வாசிப்பு நின்று, கேள்விகள் தொடங்கிவிடும். பைபிள் படிப்பவர்கள் ஒரு பக்கமிருந்து கேட்பார்கள், தத்துவம் படிப்பவர்கள் இன்னொரு பக்கமிருந்து. வீடியோ கேமில் 'கொயேஷியா' என்ற பெயரைப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதல்ல, கொயேஸ்னா யாரு?

மந்திரம் போடுகிறவன். செத்தவரின் ஆவியை எழுப்புவான், உருமாறுவான், காற்றையும் மழையையும் கட்டுவான், ஆளை மயக்குவான் என்றெல்லாம் கிரேக்கர்கள் இவனைப் பற்றிச் சொன்னார்கள். அகராதியைத் திறந்தால் முதல் பொருள் மந்திரவாதி, அடுத்த பொருள் ஏமாற்றுக்காரன் என்று இருக்கும். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு பொருளும் ஒன்றாகப் புழங்கின.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல பதில்களுக்கு இது வேண்டும். கொயேஸ் என்பது தொழிற்பெயர் போலத் தெரியும். ஆனால் நமக்குக் கிடைத்த எழுத்துகளில் அது பெரும்பாலும் ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் சொல். ஆகவே அது வரும் இடத்தில் யார், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

எப்படிச் சொல்லணும்? கோயஸா, கொயேஸா?

முதல் எழுத்து 'கங்கை'யின் இரண்டாவது 'க' போல மெல்லிய ஒலி. அடுத்து வரும் ஒகரம் குறில், ஏகாரம் நெடில். எனவே 'கொயேஸ்' என்று எழுதினால் பழைய உச்சரிப்புக்கு அருகில் வரும். நடுவில் உள்ள 'ய்' நம் வசதிக்காக நாம் சேர்ப்பது, கிரேக்கத்தில் இரண்டு உயிரொலிகள் அடுத்தடுத்து நிற்கும். பன்மை கொயேத்தெஸ். அவன் செய்யும் வேலைக்குப் பெயர் கொயேத்தேயா.

இந்தச் சொல் எதிலிருந்து வந்தது?

அழுகையிலிருந்து. கொஒஸ் என்றால் இறந்தவருக்காக வாய்விட்டு அழும் புலம்பல். அதன் வினை கொஆஓ, புலம்புதல். அந்த வினையைச் செய்கிறவன் கொயேஸ். கிரேக்கத்தில் இப்படிப் பெயர் உண்டாவது வழக்கம்தான். 'அலைபவன்' என்று பொருள்படும் ப்லானேஸ் இதே அச்சில் வார்த்தது. கோள்களுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

கொஒஸ் எப்படிப்பட்ட அழுகை என்பதை ஹோமரின் இலியட்டில், 24ஆம் காண்டத்தில் பார்க்கலாம். போரில் இறந்த இளவரசன் ஹெக்டரின் உடல் ட்ராய் நகருக்குத் திரும்பி வருகிறது. பாடகர்களை அழைத்து உட்காரவைக்கிறார்கள், அவர்கள் முறைப்படி இரங்கற்பா பாடுகிறார்கள். அதற்குப் பெயர் த்ரேனொஸ். அப்புறம் மனைவி அந்த்ரோமகே, தாய் ஹெகபே, தம்பி மனைவி ஹெலன் என்று ஒவ்வொருவராக எழுந்து, ஹெக்டரையே பார்த்துப் பேசி அழுகிறார்கள். இதுதான் கொஒஸ். அழைக்கப்பட்டு வந்த பாடகர்களின் பாட்டு வேறு, வீட்டுப் பெண்களின் கதறல் வேறு. நம் சொல் பிறந்தது இந்தக் கதறலிலிருந்து.

அழறதுக்கும் மந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நின்று பேச வேண்டியதும் இதுதான். புலம்பல் இறந்தவரை முன்னிலையில் வைத்துப் பேசுகிறது. 'நீ போய்விட்டாயே' என்று சொல்லும்போதே, அவர் காதில் விழும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. காதில் விழுமென்றால் எழுந்து வரவும் செய்யலாம் அல்லவா? அந்தக் கோட்டைத் தாண்டினால் புலம்பல் அழைப்பாகிவிடும்.

கி.மு. 472இல் ஏதென்ஸில் மேடையேறிய ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகம் இதைக் கண்முன்னே காட்டுகிறது. பாரசீகப் படை கிரேக்கத்தில் தோற்றுவிட்டது. அரசி தன் கணவன் தாரியஸின் கல்லறைக்குப் பால், தேன், தண்ணீர், திராட்சை மது, ஒலிவ எண்ணெய், பூக்கள் எல்லாம் கொண்டுவந்து படைக்கிறாள். முதியவர்களின் குழு தரையைப் பார்த்துக் கதறிக் கூப்பிடுகிறது. தாரியஸ் மேலே வருகிறான். வந்ததும், கல்லறையருகே நின்று ஆவியை இழுத்துவரும் கொஒஸ்களை உரக்க எழுப்பி என்னை அழைத்தீர்களே என்கிறான். அழுகை, ஆவியை இழுத்தல் இரண்டும் அந்த ஒரே வரியில் சேர்ந்து நிற்கின்றன.

பிற்காலத்துக் கிரேக்கர்களும் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் தொகுக்கப்பட்ட சூதா என்ற பெரிய அகராதி, கொயேத்தேயா என்றால் செத்தவரைக் கூப்பிட்டு எழுப்புவது, கல்லறைகளின் அருகே எழும் புலம்பலால் அந்தப் பெயர் வந்தது என்று விளக்குகிறது.

அப்போ நம்ம ஒப்பாரி மாதிரியா?

ஓரிடத்தில் மட்டும் ஒற்றுமை உண்டு. ஒப்பாரியும் செத்தவரைப் பார்த்தே பேசும், பெண்களின் குரலில்தான் வாழும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒப்பாரி ஆவியை எழுப்பும் சடங்கு அல்ல.

கொஒஸ் என்பது 'கூவு' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததா?

இல்லை. கத்துவது, ஓலமிடுவது போன்றவற்றைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் தற்செயலாக ஒன்றுபோல ஒலிக்கும், ஏனென்றால் அவை அந்த ஒலியையே போலச் செய்கின்றன. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு பேச முடியாது. கிரேக்கச் சொல்லின் உறவினர்களை அதன் சொந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில்தான் தேடுகிறார்கள்.

ஹோமரில் கொயேஸ் வருகிறானா? முதன்முதலில் எங்கே வருகிறது?

கொஒஸ் ஹோமரில் நிறைய வரும், கொயேஸ் வருவதில்லை. ஒடிஸியில் ஒடிசியஸ் குழி தோண்டி, ஆட்டு ரத்தம் ஊற்றி ஆவிகளை வரவழைக்கிறான். அங்கேகூட அந்தச் சொல் இல்லை.

நமக்குத் தெரிந்த மிகப் பழைய இடம், 'ஃபொரோனிஸ்' என்ற தொலைந்துபோன காப்பியத்தின் சில வரிகள். வேறொரு காப்பியத்துக்கு உரை எழுதியவர் மேற்கோளாகக் காட்டியதால் அவை தப்பின. ஃப்ரிஜியா நாட்டு ஈடா மலையில் வாழ்ந்த மூன்று பேர் அதில் கொயேத்தெஸ் எனப்படுகிறார்கள்: கெல்மிஸ், தம்னமெனேயுஸ், அக்மோன். கதைகளில் இவர்கள் ஈடாவின் தாக்டிலர்கள், அதாவது 'விரல்கள்'. மலையிடுக்கில் இரும்பைக் கண்டுபிடித்துத் தீயிலிட்டு வேலைசெய்த முதல் கொல்லர்கள். அக்மோன் என்ற பெயருக்கே பட்டடை என்று பொருள்.

தம்னமெனேயுஸ் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள். எபேசு எழுத்துகள் என்று கிரேக்கர்கள் சொன்ன, பொருள் புரியாத ஆறு மந்திரச் சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்று இதே தம்னமெனேயுஸ். மலைக்கொல்லன் ஒருவனின் பெயர் எப்படியோ தாயத்தில் எழுதும் சொல்லாகிவிட்டது.

ஓநாயாக மாறும் மனிதர்களை கொயேஸ் என்று ஹெரோடோட்டஸ் சொன்னது உண்மையா?

உண்மைதான், ஆனால் வரலாற்றாசிரியரான அவர் அதை நம்பவில்லை. இன்றைய உக்ரைன் பக்கம் வாழ்ந்த நெயுரோய் மக்கள் கொயேத்தெஸாக இருக்கக்கூடும் என்கிறார். அவர்களில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்கள் ஓநாயாகித் திரும்புவதாக ஸ்கிதியர்களும் அங்கே குடியிருந்த கிரேக்கர்களும் சொல்கிறார்களாம். அவர்கள் சத்தியம் செய்து சொன்னாலும் தன்னால் ஏற்க முடியவில்லை என்று முடித்துவிடுகிறார். லிபியப் பாலைவனத்துக்கு அப்பால் வாழ்ந்த குள்ளமான மக்களைப் பற்றியும், அத்தனை பேரும் கொயேத்தெஸாம் என்று கேட்டதை எழுதிவைக்கிறார். இரண்டு இடத்திலும் சொல் விழுவது தூர தேசத்துக்காரர்கள் மேல்தான்.

மாகொஸ், எபோடொஸ், பார்மகேயுஸ்... எல்லாம் மந்திரவாதிதானே? என்ன வித்தியாசம்?

பிறந்த இடம் வேறு. மாகொஸ் பாரசீகச் சொல். ஹெரோடோட்டஸ் கணக்கில் மாகோய் மேதிய நாட்டு ஆறு குலங்களில் ஒன்று, பாரசீகர்களுக்குப் பூசை செய்துகொடுப்பவர்கள். எதிரி நாட்டுப் பூசாரிக்கு இருந்த அந்தப் பெயர் கிரேக்கத்தில் மந்திரவாதிக்கு ஆகி, பிறகு ஐரோப்பிய மொழிகள் முழுவதும் பரவிவிட்டது. எபோடொஸ் பாட்டிலிருந்து வந்தது: நோய்மேலோ காயத்தின்மேலோ பாடி மந்திரிப்பவன். இளம் ஒடிசியஸைக் காட்டுப்பன்றி குத்தியபோது, அவனுடைய மாமன்மார் மந்திரப் பாட்டுப் பாடித்தான் ரத்தத்தை நிறுத்தினார்கள். பார்மகேயுஸ் கையில் இருப்பது பார்மகோன். மருந்து, நஞ்சு, மயக்குப்பொடி மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

மேலே சொன்ன சூதா அகராதி இவற்றை அழகாகப் பங்குபிரிக்கிறது. நல்ல தெய்வசக்திகளை அழைப்பது மாகொஸின் வேலை, செத்தவரை எழுப்புவது கொயேஸின் வேலை, வாய்வழியே எதையாவது கொடுத்துவிடுவது பார்மகேயுஸின் வேலை. அகராதிக்காரருக்கு வசதியான பிரிவு. நடைமுறையில் யாரும் இதைப் பின்பற்றவில்லை. யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்தில், லிதியாவிலிருந்து வந்த அந்நியனை பெந்தேயுஸ் ஒரே மூச்சில் கொயேஸ் என்றும் எபோடொஸ் என்றும் திட்டுகிறான். வந்திருப்பது தியோனிசஸ் தெய்வமே என்பது அவனுக்குத் தெரியாது.

நான்கையும் அலசினால் ஒன்று தெரியும்: கொயேஸும் எபோடொஸும் குரலை வைத்து உண்டான பெயர்கள். மந்திரம் என்றாலே வாயிலிருந்து வருவது என்று கிரேக்கர்களுக்கு ஆழமாகப் பதிந்திருந்தது.

இப்படிப்பட்ட ஆட்கள் நிஜமாகவே இருந்தார்களா, கதையில் மட்டுமா?

செத்தவரோடு பேசும் தொழில் நிஜமாகவே நடந்தது. அகெரோன் ஆற்றங்கரையில் ஆவிகளிடம் குறி கேட்கும் இடம் ஒன்று இருந்தது. கொரிந்தின் கொடுங்கோலன் பெரியாந்தர், தான் கொன்ற மனைவி மெலிஸாவிடம் ஒரு விஷயம் கேட்க அங்கே ஆளனுப்பிய கதையை ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அவள் வந்து, 'எனக்குக் குளிர்கிறது, என்னோடு புதைத்த துணியை நீ எரிக்கவில்லை' என்றாளாம். பெரியாந்தர் ஊர்ப் பெண்கள் அனைவரையும் ஹீரா கோயிலுக்கு வரவழைத்து, அவர்களின் நல்ல உடைகளைக் கழற்றவைத்து எரித்தான்.

ஸ்பார்ட்டாவின் தளபதி பௌசானியஸ் அதீனா கோயிலுக்குள் அடைபட்டுப் பட்டினியால் இறந்தான். அவன் ஆவியைக் கோயிலிலிருந்து அகற்ற இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்ததாக ப்ளூட்டார்க் எழுதுகிறார். அங்கே அவர் எழுதும் சொல் ப்சூகாகோகொஸ், ஆவியை வழிநடத்துபவன். ஊரே கூப்பிட்டுக் கூலி கொடுத்தபோது மரியாதையான பெயர்தான் வருகிறது, கவனியுங்கள்.

கண்ணால் பார்க்கக்கூடிய சான்றும் உண்டு. எதிரியின் பெயரை எழுதி, சுருட்டி, ஆணியடித்துக் கல்லறையில் போட்ட ஈயத் தகடுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. செய்தியைக் கீழே கொண்டுபோகும் வேலை செத்தவருக்கு.

பெண்களை கொயேஸ் என்று சொன்னார்களா?

பழைய காலத்தில் இது ஆணுக்கான சொல். பெண்ணுக்கு வழங்கிய சொல் பார்மகிஸ், அதாவது மருந்துக்காரி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் லெம்னோஸ் தீவைச் சேர்ந்த தெயோரிஸ் என்ற பெண்ணை ஏதென்ஸ் குடும்பத்தோடு கொன்றது. ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் பெயரில் வழங்கும் ஓர் உரையில் அவளுக்குக் கொடுத்திருக்கும் பெயர் அதுதான்.

இது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது. கொஒஸ் பெண்களுடையது என்று மேலே பார்த்தோம். அதிலிருந்து கிளைத்த சொல்லோ ஆணுக்குப் போய்விட்டது. பெண்ணின் அழுகை எல்லை மீறாதபடி பார்த்துக்கொள்ள ஊர்கள் சட்டமே போட்டன. ஏதென்ஸில் சோலோன், சவ ஊர்வலத்தில் பெண்கள் முகத்தைக் கீறிக்கொள்வதையும் கட்டமைத்த புலம்பல் பாடுவதையும் தடுத்தார். கெயொஸ் தீவின் யூலிஸ் நகரச் சட்டம், பிணத்தை மௌனமாகத் தூக்கிச் செல்ல வேண்டும் என்கிறது. ஆடம்பரத்தையும் பெரிய குடும்பங்களின் பகையையும் அடக்கத்தான் இவை வந்தன என்பது வழக்கமான விளக்கம். ஆவி எழும் என்ற பயத்தால்தான் என்று நான் சொல்லவரவில்லை.

யாராவது தன்னையே கொயேஸ் என்று சொல்லிக்கொண்டார்களா?

அநேகமாக இல்லை. எகிப்தில் கிடைத்த கிரேக்க மந்திரப் பாப்பிரஸ் சுருள்கள் மந்திரம் செய்பவர்களே வைத்திருந்த கையேடுகள். தங்கள் கலையைப் பெருமையாகச் சொல்லவேண்டிய இடத்தில் அவை மாகேயா, அதாவது மாகொஸின் கலை என்ற சொல்லை எடுக்கின்றன. ஹீலியோபோலிஸ் நகரப் பூசாரி பக்ராத்தெஸ் பேரரசர் ஹாட்ரியனுக்குத் தன் 'தெய்வீக மாகேயா'வின் வலிமையைக் காட்டியதாக ஒரு சுருள் பீற்றிக்கொள்கிறது.

நல்ல சொல்லாக இருந்து பிறகுதான் கெட்டதா? ஏமாற்றுக்காரன் என்ற பொருள் எப்போது வந்தது?

ஃபொரோனிஸ் வரிகளில் வசவு வாடை தெரியவில்லை, வியப்புதான் தெரிகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் நிலைமை மாறிவிட்டது. மருத்துவம், வழக்காடல், பேச்சுக்கலை எல்லாம் காரணம் கேட்கத் தொடங்கிய காலம். குரலால் ஆளை ஆட்டுவிப்பவன் என்றால் இப்போது சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகம் பேச்சாளர்கள் மேல்தான் முதலில் இறங்கியது. சிசிலியிலிருந்து வந்த கோர்கியஸ், ஹெலனுக்கு ஆதரவாக எழுதிய விளையாட்டு உரையில், பேச்சின் வசியத்தை கொயேத்தேயாவோடும் மாகேயாவோடும் தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அவருக்கு அது பெருமை. அடுத்த தலைமுறைக்கு அது வசவாகிவிட்டது. கி.மு. 330இல் ஈஸ்கினீஸும் டெமாஸ்தனீஸும் நீதிமன்றத்தில் மோதியபோது, ஈஸ்கினீஸ் எதிராளியை கொயேஸ், பணப்பையை அறுப்பவன் என்று ஒரே வரியில் சொல்கிறார். மந்திரவாதியும் ஜேப்படித் திருடனும் ஒரே பெஞ்சில். டெமாஸ்தனீஸ் ஆவியை எழுப்பினார் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. நன்றாகப் பேசுகிறார் என்பதுதான் குற்றம்.

சாக்ரடீஸையே கொயேஸ் என்றார்களாமே?

நேராகச் சொல்லவில்லை, பக்கத்தில் வந்தார்கள். பிளேட்டோவின் 'மெனோன்' உரையாடலில் மெனோன் குழம்பிப்போய், நீ என்னை மயக்குகிறாய், மருந்து வைக்கிறாய், மந்திரம் போடுகிறாய் என்கிறான். தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை போல இருக்கிறாய் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அதோடு ஓர் எச்சரிக்கை: நீ ஏதென்ஸைவிட்டு வெளியே போகாதது நல்லது, அந்நிய ஊரில் இப்படிச் செய்தால் கொயேஸ் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சாக்ரடீஸுக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரி சுருக்கென்று தைக்கும். அந்நிய ஊர் தேவைப்படவில்லை, சொந்த ஊரே போதுமாக இருந்தது.

பிளேட்டோ இந்தச் சொல்லை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். 'சோஃபிஸ்ட்' உரையாடலில் சோஃபிஸ்ட், அதாவது காசு வாங்கிப் பேச்சும் அறிவும் கற்றுத்தருபவன், ஒரு கொயேஸ், பொய்த்தோற்றம் காட்டுபவன். 'குடியர'சில், தெய்வம் கொயேஸைப் போல உருமாறி நம்மை ஏமாற்றுமா என்று கேட்டு, ஏமாற்றாது என்கிறார். ஆனால் 'விருந்'தில் காதல் தெய்வமான ஏரோஸே திறமையான கொயேஸ், மருந்துக்காரன், சோஃபிஸ்ட். அங்கே அது பாராட்டா, கிண்டலா? இரண்டும் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஏரோஸுக்கு அங்கே தரப்படும் வர்ணனை, செருப்பில்லாத கால் முதற்கொண்டு, சாக்ரடீஸுக்கு அப்படியே பொருந்துகிறது.

கொயேஸாக இருப்பது சட்டப்படி குற்றமா?

ஏதென்ஸில் மந்திரம் செய்வதையே குற்றமாக்கிய பொதுச் சட்டம் இருந்ததாகச் சான்று இல்லை. தெயோரிஸ் போன்றவர்கள் நஞ்சு, தெய்வ நிந்தை மாதிரியான வேறு பெயர்களில் மாட்டிக்கொள்ளலாம். மெனோன் சொல்வதைப் பார்த்தால் வேறு சில ஊர்களில் கைது நடந்திருக்கிறது.

பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில் கடுமை காட்டுகிறார். செத்தவரின் ஆவியை எழுப்புவேன், தெய்வங்களையே மந்திரத்தால் வசப்படுத்துவேன் என்று காசு பறிப்பவனை நாட்டின் நடுவே, ஆளில்லாத இடத்துச் சிறையில் வைக்க வேண்டும். சுதந்திரக் குடிமகன் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. செத்தால் புதைக்காமல் எல்லைக்கு வெளியே எறிய வேண்டும். கல்லறையை வைத்துப் பிழைத்தவனுக்குக் கல்லறை கிடையாது.

பைபிளில் இந்தச் சொல் இருக்கிறதா? தமிழில் எப்படி வருகிறது?

புதிய ஏற்பாட்டில் ஒரே ஓர் இடம்: 2 தீமோத்தேயு 3:13. பொல்லாத மனிதர்களும் கொயேத்தெஸும் ஏமாற்றியும் ஏமாந்தும் மேலும் மேலும் கெட்டுப்போவார்கள் என்கிறது. தமிழ்ப் பழைய திருப்புதல் அங்கே 'எத்தர்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தேர்வு, ஏமாற்றுக்காரன் என்ற பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டது. விட்டுப்போனது மந்திர வாடை மட்டும். அது தற்செயலாக ஒட்டியிருந்ததும் அல்ல. ஐந்து வசனங்களுக்கு முன்னால்தான் மோசேயை எதிர்த்த யந்நேயும் யம்பிரேயும் வருகிறார்கள், மரபில் அவர்கள் பார்வோனுடைய மந்திரவாதிகள்.

மற்ற இடங்களில் வேறு கிரேக்கச் சொற்கள். மத்தேயு 2இல் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மாகோய். அப்போஸ்தலர் 8இல் மாயவித்தைக்காரனான சீமோன் செய்ததும் மாகொஸின் வேலை. கலாத்தியர் 5இல் 'பில்லிசூனியம்' என்று இருப்பது பார்மகேயா.

தெயுதாஸ் கொயேஸ் என்று படித்தேன். யார் அவர்?

யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியது. ஃபாதுஸ் ரோம ஆளுநராக இருந்தபோது, கி.பி. 44க்கும் 46க்கும் இடையே, தெயுதாஸ் என்ற கொயேஸ் பெரும் கூட்டத்தை அவரவர் உடைமைகளோடு யோர்தான் கரைக்கு அழைத்துப்போனார். தன் கட்டளைக்கு ஆறு பிளந்து வழிவிடும் என்றார். ரோமக் குதிரைப்படை வந்து தலையை வெட்டி எருசலேமுக்குக் கொண்டுபோனது. அப்போஸ்தலர் 5:36இலும் ஒரு தெயுதாஸ் வருகிறார். இருவரும் ஒருவரா என்றால், காலக்கணக்கு உதைக்கிறது. ஒலிவ மலைக்குக் கூட்டம் கூட்டிய எகிப்தியனையும் ஜோசபஸ் கொயேஸ் என்றே சொல்கிறார்.

முதல் பதிலில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். யோர்தான் பிளக்கும் என்று நம்பிப் போனவர்களுக்கு அவர் தீர்க்கதரிசி. ரோமின் ஆதரவில் எழுதிய ஜோசபஸுக்கு அவர் கொயேஸ்.

இயேசுவையும் அப்படிச் சொன்னார்களா?

சொன்னார்கள். 2ஆம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற தத்துவவாதி, இயேசு எகிப்தில் கற்ற வித்தையால் அற்புதம் காட்டினார் என்று எழுதினார். ஏறக்குறைய கி.பி. 248இல் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். கொயேஸ் வித்தை காட்டிவிட்டுப் போய்விடுவான், பார்த்தவர்களின் வாழ்க்கையைத் திருத்த மாட்டான் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

மறுபக்கமும் இதே தலைவலிதான். தியானா நகரத்து அப்பொல்லோனியஸ் என்ற ஞானியை, கொயேஸ் என்று சொல்லி எலூசிஸ் மறைசடங்குக்குள் விட மறுத்தார்கள். ஃபிலோஸ்த்ராத்தஸ் எட்டுப் பாகங்களில் அவருடைய வாழ்க்கையை எழுதியதே பெருமளவு அந்தக் கறையைத் துடைக்கத்தான். அவரைத் தட்சசீலம் வரை நடத்திக்கொண்டுபோய், ஞானம் இந்தியாவில் கற்றதாகக் காட்டுகிறார். இன்னொருபுறம், பாம்பு பொம்மையை வைத்துக் குறி சொன்ன அபோனோத்தெய்கொஸ் ஊர் அலெக்சாந்தரை, கிண்டல் எழுத்தாளர் லூகியானொஸ் தன் நூலின் தொடக்கத்திலேயே கொயேஸ் என்று முத்திரை குத்தி, தந்திரங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். படிக்கச் சிரிப்பாக இருக்கும்.

கேமில் வரும் 72 பேய்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெயர் மட்டும்தான். கொயேத்தேயா லத்தீனுக்குப் போய் கொயேஷியா ஆனது. 5ஆம் நூற்றாண்டில் அகஸ்டின், வெறுக்கத்தக்க கொயேஷியா என்றும் மதிப்புக்குரிய தெயூர்கியா (தெய்வங்களை நாடும் சடங்கு) என்றும் சிலர் பிரித்துப் பேசுகிறார்கள், இரண்டும் பேய் வேலைதான் என்றார். 17ஆம் நூற்றாண்டில் சாலமோன் அரசன் பெயரால் தொகுக்கப்பட்ட மந்திர நூலின் முதல் பாகத்துக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். அந்தப் பாகத்தில்தான் 72 பேய்களின் பட்டியல். 1904இல் அது ஆங்கிலத்தில் அச்சாகிப் பரவியது. பழைய கிரேக்க கொயேஸுக்கு அந்தப் பட்டியலில் ஒரு பேரும் தெரியாது.

இன்றைய கிரேக்கத்தில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, நல்லபடியாகவே. பெண்களைக் கவரும் ஆணுக்கு கொயிஸ் என்று பெயர், கொயித்தெஃப்திகொஸ் என்றால் வசீகரமான. இந்தப் பாராட்டைக் கேட்டால் இன்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சந்தேகம்: மிகப் பழைய கொயேஸ் கொல்லர்கள் என்றால், கல்லறை அழுகைக் கதை பின்னால் கட்டியதாக இருக்காதா?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சொல் 'புலம்பு' என்ற வினையிலிருந்து வந்தது என்பதில் சண்டை இல்லை. கல்லறையில்தான் பிறந்தது என்பது வேறு விஷயம். சூதா அகராதி ஃபொரோனிஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. ஈஸ்கிலஸின் தாரியஸ் காட்சியில் கொஒஸ் உண்டு, கொயேஸ் என்ற சொல் இல்லை. ஓநாய் மனிதர்களும் இரும்புக் கொல்லர்களும் எந்தக் கல்லறையிலும் நிற்பவர்கள் அல்ல.

1962இல் கிரேக்க சமய ஆய்வாளர் வால்ட்டர் புர்கெர்ட் ஒரு கட்டுரையில் இதற்கு வழி காட்டினார். கொயேஸ் என்பவன் ஆவேசம் கொண்டு, இந்த உலகுக்கும் அந்த உலகுக்கும் இடையே போய்வருபவன். இறந்தவருக்கான சடங்கு அவன் பொறுப்பு. உருமாற்றமும் மறைசடங்கும் இசையும் அதே ஆளிடம் சேர்ந்திருந்தவை. நகர அரசுகள் வளர்ந்தபோது அவனுக்கு இடமில்லாமல் போய், பெயர் வசவாகச் சுருங்கியது. ஈடா மலைக் கொல்லர்களும் இதற்குள் பொருந்துவார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எஃபொரஸ் அவர்களை மந்திரப் பாட்டும் மறைசடங்கும் கற்பித்த கொயேத்தெஸ் என்கிறார். அவர்களின் மாணவன் ஓர்ஃபேயுஸ். பாட்டாலேயே செத்த மனைவியைத் திருப்பிக்கொண்டுவரக் கீழுலகம் இறங்கியவன்.

புர்கெர்ட் பேசும் 'ஷாமன்' (ஆவேசம் கொண்டு ஆவி உலகோடு தொடர்புகொள்பவன்) என்ற சைபீரியச் சட்டகம் கிரேக்கத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. பலரும் அதை இன்று தளர்த்தியே வைத்திருக்கிறார்கள். ஆனால் கொல்லன், ஓநாய் மனிதன், ஆவி எழுப்புபவன், பாடகன் எல்லோரையும் ஒரே பெயரில் சேர்க்க கல்லறை தேவையில்லை, குரல் போதும். சாதாரணப் பேச்சில் கேட்காத ஓர் ஓலம் அல்லது பாட்டு அவர்களிடம் இருந்தது, ஊர்க்காரர்கள் அதை வைத்துப் பெயரிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லறை அந்தக் குரல் அடிக்கடி கேட்ட இடங்களில் ஒன்று.